மாசிலாமணியின் ஊறல் வாளி

புறப்படும் விருந்தாளியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு தடவை கழிப்பறைக்குப் போயிட்டுக் கிளம்புங்களேன்" என்று கெஞ்சுவதுதான் நெய்தல் வளாகத்தில் மரியாதை. "இல்லைங்க, எங்க வீட்டுக்கே போயிடறேன்" என்பவரை ஊரே கருமி என்று சொல்லும்.

காரணம், ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் பதித்திருந்த நுண்ணுயிர் மின்கலம். மக்கள் வாயில் அது 'குடுவை'. குடுவைக்குள் குடியிருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் கழிவைத் தின்று எலக்ட்ரான்களைத் துப்பும். கரித்தகடு அவற்றைப் பொறுக்கி மின்சாரமாக்கும். குடுவை வயிறாரத் தின்றிருந்தால் வாசல் விளக்கு பச்சை. பட்டினி கிடந்தால் சிவப்பு. சிவப்பு வீட்டுக்காரருக்கு லிஃப்ட் திறக்காது.

ஏழாம் மாடி மாசிலாமணியின் மனைவியும் மகளும் மதுரைக்குப் போய் ஆறு நாள் ஆகியிருந்தது. மாமியார் வீட்டில் இப்போது விளக்குகள் ஜொலிப்பதாகத் தகவல். இங்கே ஒற்றை மனிதர், அதிலும் மலச்சிக்கல்காரர். ஏழாம் நாள் விடியும்போது அவர் விளக்கு சிவந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து பார்த்தால் மானம் போய்விடும்.

சமையல் கழிவைக் குடுவையில் கொட்டும் முன் இரண்டு நாள் ஊற வைக்க வேண்டும். வீட்டுக்குள் நாறும் என்பதால் ஊறல் வாளிகள் நடைபாதையில்தான் இருக்கும். எதிர்வீட்டு ரெபேக்காள் டீச்சர் வாசலில் ஒரு வாளி, பலாச்சக்கையும் மீன்செதிளுமாக, கமகமவென்று இருந்தது.

மாசிலாமணி துண்டால் முக்காடு போட்டுக்கொண்டார். இரண்டு பக்கமும் பார்த்தார். வாளியைப் பையில் கவிழ்த்தார். கூனிக் குறுகித் திரும்பியவரின் எதிரே தெருக்கண் உருண்டு வந்து நின்றது. வளாகத்தின் காவல் எந்திரன் அது. பழைய காலத் தெருக் கேமராப் பதிவுகளைப் பார்த்துப் பார்த்து, மனிதரின் நடையை வைத்தே நோக்கத்தைக் கணிக்கக் கற்றுக்கொண்டது.

"பார்த்துவிட்டேன் ஐயா. உங்கள் பெயரைப் பதியலாமா?"

"வேண்டாம்ப்பா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"பெயர்கூட வேண்டாமா," என்றது தெருக்கண். அதன் குரல் தழுதழுத்த மாதிரி இருந்தது.

எட்டு மணிக்கு மாசிலாமணியின் விளக்கு பச்சை. லிஃப்டில் இறங்கினார். மூன்றாம் மாடி அருகே, படிக்கட்டில் கைத்தடிச் சத்தம் கேட்டது. ரெபேக்காள் டீச்சர், முழங்கால் வீங்கியவர், ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தார். மாசிலாமணி லிஃப்டின் தரையைப் பார்த்தபடி நின்றார். தரையில் பார்க்க ஒன்றும் இல்லை.

ஞாயிறு சங்கக் கூட்டத்தில் தன் பெயரைக் கூப்பிட்டபோது மாசிலாமணி வெளியேறும் வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்தார். செயலாளர் கோதண்டம் கையில் பொன்னாடை வைத்திருந்தார்.

தெருக்கண் திரையில் நூற்றைம்பது வருடப் பழைய பதிவுகளைப் போட்டுக் காட்டியது. ஹெல்மெட் போட்ட ஒருவர் விடியற்காலையில் ஸ்கூட்டரில் வருகிறார். இரண்டு பக்கமும் பார்க்கிறார். ஒரு பையை யார் வீட்டு மதிலோரமோ வைத்துவிட்டுப் பறக்கிறார். அடுத்து ஒரு அம்மாள். அடுத்து ஒரு காரே நிற்கிறது. இப்படி ஆயிரக்கணக்கில்.

"தான் சேர்த்ததை அடுத்தவர் வாசலில் வைத்துவிட்டு, நன்றிகூட வாங்காமல் ஓடியிருக்கிறார்கள்," என்றது தெருக்கண். "அதே முக்காடு, அதே பார்வை. மாசிலாமணி ஐயா அந்தப் பரம்பரை."

"என்ன மனுஷங்கய்யா," என்று முன்வரிசையில் ஒருவர் மூக்கைச் சிந்தினார்.

பொன்னாடை போர்த்த மூத்தவரான ரெபேக்காள் டீச்சரை மேடையேற்றினார்கள். "என் வாளியை எவனோ வழிச்சிட்டுப் போயிட்டான் தம்பி," என்றார் டீச்சர், துணியை அவர் தோளில் சரிசெய்தபடி. "அதே மாடியில உங்களை மாதிரியும் ஒருத்தர்."

"டீச்சர், அது வந்து..."

"தெரியும். பேர் வேண்டாம்னீங்களாமே."

கைதட்டலில் மீதி அமுங்கியது. மாசிலாமணி அதற்குமேல் முயலவும் இல்லை.

செவ்வாயன்று குடும்பம் திரும்பியது. வியாழனுக்குள் வாளி நிரம்பியது. நல்ல வெளிச்சத்தில், பத்து மணிக்கு, முக்காடு இல்லாமல், நிமிர்ந்து, மாசிலாமணி அதைத் தூக்கிக்கொண்டு டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

அபாயச் சங்கு ஊதியது. தெருக்கண் பாய்ந்து வந்தது.

"வாளியைக் கீழே வை, திருடா. ஒளிக்காமல், நேராகப் பார்த்துக்கொண்டு அடுத்தவர் வாசலுக்குக் குப்பை கொண்டுபோன மனிதன் என் பதிவுகளில் ஒருவன்கூட இல்லை."

கதவுகள் திறந்தன. டீச்சர் வாளியைப் பார்த்தார். பிறகு அவரை.

"அன்னைக்கு எடுத்தது நீங்களா தம்பி?"

"ஆமா டீச்சர்."

டீச்சர் முழங்காலைத் தடவிக்கொண்டார், அவ்வளவுதான். மாசிலாமணிக்கு அது போதுமானதாக இருந்தது. தோள் குறுகியது. தலை கவிழ்ந்தது. யாரெல்லாம் பார்க்கிறார்கள் என்று கண்கள் தாமாகவே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தன.

சங்கு சட்டென்று நின்றது.

"மன்னிக்க வேண்டும் ஐயா," என்றது தெருக்கண், ஒதுங்கி வழிவிட்டு. "கொடையாளர் என்று தெரியாமல் பேசிவிட்டேன்."