சத்தம் போடாத பேட்டரி

என் அப்பாவுக்குச் சத்தம் போடாத எதன் மீதும் நம்பிக்கை கிடையாது. குக்கர் விசில் அடித்தால்தான் சோறு வெந்தது என்பார்.

அவர் ஒரு வேனுக்குள் கட்டில், அடுப்பு, ஏசி எல்லாம் பொருத்தி, சுற்றுலா போகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். அதில் ஒரு டீசல் ஜெனரேட்டர் இருந்தது. அது ஓடினால் எங்கள் எடமலைப்பட்டி புதூரே காதைப் பொத்திக்கொள்ளும். போன வாரம் அதை எடுத்துவிட்டு லித்தியம் பேட்டரி வைத்தோம். ஒரு சூட்கேஸ் அளவுதான் இருந்தது. அப்பா தினமும் அதில் காதை வைத்துப் பார்த்தார்.

“வேலை செய்யுதா இல்லையான்னே தெரியல, சுபஸ்ரீ.”

சனிக்கிழமை எங்கள் தெருவில் மாதாந்திரப் பராமரிப்பு. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை கரண்ட் இருக்காது. பன்னிரண்டு மணிக்கு எதிர்வீட்டு லின்சி, குஞ்சு பொரிக்கும் இன்குபேட்டர் பெட்டியை அணைத்துக்கொண்டு வந்தாள். கண் கலங்கியிருந்தது.

“எங்க இன்வெர்ட்டர் நின்னு போச்சு. பன்னெண்டு முட்டை இருக்கு, நாளைக்குப் பொரியணும். போன தடவை சூடு ஆறித்தான் எல்லாம் வீணாச்சு.”

“எங்க வேன்ல வைக்கலாம், வா,” என்றேன்.

வேனைத் திறந்தால் உள்ளே மார்கழிக் குளிர். காலையில் ஏசியைச் சோதித்துப் பார்த்த அப்பா, அணைக்க மறந்திருந்தார். ஜெனரேட்டராக இருந்தால் அதன் சத்தமே ஞாபகப்படுத்தியிருக்கும். பேட்டரித் திரையில் நூறு சதவீதம் இருக்க வேண்டிய இடத்தில் பதினெட்டுதான் இருந்தது.

அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. “துவாக்குடி போய் என் கூட்டாளி அடைக்கலத்துக்கிட்ட ஜெனரேட்டர் இரவல் வாங்கிட்டு வரேன்.”

“நீங்க வர்றதுக்குள்ள முட்டை ஆறிடும்ப்பா. கொஞ்சம் இருங்க.”

ஏசியை அணைத்தேன். அதில் 900 வாட்ஸ் என்று எழுதியிருந்தது. லின்சியின் பெட்டியில் 60 வாட்ஸ். நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். எனக்கே சந்தோஷமாகிவிட்டது.

“ஏசி இருபது நிமிஷத்துல முழுங்குற கரண்ட், இதுக்கு அஞ்சு மணி நேரம் வரும். மீதியிருக்க பதினெட்டுல ஏசியே கிட்டத்தட்ட அரை மணி நேரம் ஓடும், அதனால தாராளமாப் போதும். ஆனா வேற எதையும் போடக் கூடாது.”

“ஃபேன்?” என்றார் அப்பா.

“கூடாது.”

“ஃபோன் சார்ஜ்?”

“கூடாதுப்பா.”

அப்பா என் கணக்கு நோட்டாலேயே விசிறிக்கொண்டார். லின்சி பெட்டியின் சூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது முப்பத்தேழரையை விட்டு அசையவில்லை. இரண்டு மணிக்குத் திரையில் பதின்மூன்று. ஐந்து மணிக்கு, தெருவில் கரண்ட் வந்தபோது, இன்னும் ஐந்து மீதி.

ஒரு முட்டையில் அதற்குள் விரிசல் விட்டிருந்தது. அதனால் பெட்டியை நகர்த்தாமல் வேனிலேயே விட்டோம். பேட்டரிக்கும் சார்ஜ் போட்டோம்.

மறுநாள் காலை அப்பா வழக்கம்போல பேட்டரியில் காதை வைத்தார்.

“இன்னும் சத்தமே…”

சட்டென்று நிறுத்தினார். பக்கத்திலிருந்த பெட்டிக்குள் ஒரு கீச். உடனே இன்னொரு கீச். பிறகு எண்ண முடியாத அளவுக்குக் கீச் கீச்.

அப்பா நிம்மதியாக நிமிர்ந்தார்.

“இப்ப நல்லாக் கேக்குது,” என்றார்.