ஒரு கொலைக்கு மூணு நாள் வெயிட்டிங்

என் பேரு ஜூட். வயசு இருபத்திமூணு. நாகப்பட்டினத்துலேந்து வேலைக்கு வந்து எட்டு மாசம் ஆகுது. இப்ப திருச்சியில ஒரு போலீஸ் ஸ்டேஷன் பெஞ்ச்ல உக்காந்திருக்கேன். இங்க சொல்லிச் சொல்லி இப்படியே வாய்க்கு வருது.

அக்கா, நம்ம வீட்டு வாட்ஸ்அப் குரூப்லதான் போடறேன், பயப்படாதீங்க... கடைசி வரைக்கும் படிங்க. கை மரத்துப் போன மாதிரி இருக்கு, டைப் பண்ண வரல. நான் பேசுறேன், போனே எழுதிக்குது.

மத்தியானம் பன்னெண்டே முக்கால்.

ஸ்ரீரங்கம், வடக்கு சித்திரை வீதி. எங்க ஆபீஸ் மாடி. லெமன் சாதத்தைத் தொறந்தேன்.

போன் அடிச்சுது!

"ஜூட்டா?"

"ஆமா... யாருங்க?"

"இன்ஸ்பெக்டர் மட்டுவார்குழலி. காந்தி மார்க்கெட் பக்கத்துல ஒரு வாழைப்பழ குடோன். மேனேஜர் பேரு ராமர். தெரியுமா?"

"தெரியும் மேடம். ராமர் அண்ணன்."

"செத்துட்டாரு."

ஸ்பூனைக் கீழ வச்சேன்.

"இன்னிக்குக் காலையில அந்தக் குடோன் சாஃப்ட்வேரை அப்டேட் பண்ணது நீதானாமே?"

"ஆ... ஆமா மேடம்."

"அதுலதான் ஆள் போயிட்டாருங்கறாங்க. கிளம்பி ஸ்டேஷனுக்கு வா."

"சாப்ட்டு வரவா மேடம்?"

அப்படியா கேட்டேன்? ஆமாக்கா, அப்படித்தான் கேட்டேன். வாய் தானாப் பேசுச்சு.

"மூடி வச்சுட்டு வா!"

மூடி வச்சேன். அழுகை வரல. பயம்கூட வரல. மூடி சரியா உக்காரல, அதையே பாத்துக்கிட்டு இருந்தேன்.

எங்க ஆபீஸ்ல மொத்தமே மூணு பேரு. ஓனர் ஜெய்சங்கர் சார். சீனியர் அஃபீஃபா அக்கா. அப்புறம் நான்.

வாழைத்தார் பழுக்க வைக்கிற ரூமுக்கு சாஃப்ட்வேர் செய்யறோம். காயை உள்ள அடுக்கிக் கதவைச் சாத்திடுவாங்க. பழுக்கப் பழுக்க உள்ள கெட்ட காத்து சேரும். ஃபேன் அதை வெளிய தள்ளணும். ஃபேன் நின்னு, கதவும் பூட்டிக்கிச்சுன்னா... உள்ள இருக்கிற ஆளு காலி! கதவைத் தொறக்க ஆளுக்கொரு கார்டு உண்டு. ஃபேன், கதவு, கார்டு மூணும் எங்க சாஃப்ட்வேர் சொன்னபடிதான் கேக்கும்.

"என்னடா, மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி இருக்கு?" அஃபீஃபா அக்கா.

"ராமர் அண்ணன் செத்துட்டாராம்க்கா. என்னோட அப்டேட்டுனாலயாம்."

"என்னது! நீ என்னடா பண்ண?"

"சார் சொன்னதைத்தான்க்கா..."

காலையில பதினோரு மணிக்கு சார் வெளியிலேந்து போன் பண்ணாரு.

"ஜூட் தம்பி, ஃபேன் பேக்கேஜ்ல புது வெர்ஷன் போட்டிருக்கு. ராமர் குடோனுக்கு ஏத்திடு. பதினொன்றரைக்குள்ள ஆகணும்."

"சரி சார்."

கமாண்ட் அடிச்சேன். ஸ்க்ரீன்ல மஞ்சள் எச்சரிக்கை வரி நாலஞ்சு கடகடன்னு ஓடுச்சு. மஞ்சளை யாரு படிக்கிறா? சிவப்பு வந்தாத்தான் படிப்போம்.

திரும்பப் போன்.

"ஆச்சா தம்பி?"

"ஆச்சு சார்."

எங்க ஆபீஸ்ல 'ஆச்சா'ன்னு கேட்டா 'ஆச்சு சார்'தான். பாத்துட்டெல்லாம் யாரும் சொல்றதில்ல. அப்படியே பழகிப் போச்சு.

"லேப்டாப்பை எடு. நானும் வரேன்." அஃபீஃபா அக்கா எழுந்துட்டாங்க.

"நீங்க எதுக்குக்கா?"

"தனியா விட்டா, அவங்க என்ன கேட்டாலும் 'ஆச்சு சார்'னு சொல்லிட்டு வருவ!"

ஒண்ணாம் நம்பர் பஸ். காவேரி பாலம் வந்துச்சு, போச்சு. தண்ணி இருந்துச்சான்னுகூட நான் பாக்கல.

"எங்கப்பா?" கண்டக்டர்.

'ஜெயிலு'ன்னு வாய் வரைக்கும் வந்துச்சு!

அஃபீஃபா அக்கா குறுக்க பூந்தாங்க. "மெயின்கார்டு கேட் ஒண்ணு. நான் லேடீஸ் ஃப்ரீ."

ஸ்டேஷன்ல ஜெய்சங்கர் சார் எங்களுக்கு முன்னாடியே இருந்தாரு. ஓடி வந்து என் தோள்ல கை போட்டாரு.

"பயப்படாத தம்பி. நான் வக்கீல் பாத்துட்டேன். தெரியாமப் பண்ணதுதானே... ரெண்டு, மூணு வருஷம்தான் குடுப்பாங்க."

ரெண்டா... மூணா? எனக்கு அது ஒண்ணுதான் மனசுல ஓடுச்சு.

இன்ஸ்பெக்டர் நிமிந்து பாத்தாங்க.

"உங்க ஓனர்தான்ப்பா பன்னெண்டு மணிக்கு எனக்குப் போன் பண்ணிச் சொன்னாரு. நல்ல மனுஷன்."

"என்ன மேடம் செய்யறது?" சார் கர்ச்சீப்பால கண்ணைத் துடைச்சாரு. "நம்ம பையன் செஞ்ச தப்பை நாமளே மறைக்கலாமா?"

"எப்படி செத்தாருன்னு இன்னொரு தடவை சொல்லுங்க சார். எழுதிக்கறேன்."

"தினம் பதினொன்றரைக்கு ராமர் மூணாம் நம்பர் ரூமுக்குள்ள போவாரு. இவன் அப்டேட்டுனால கதவு பூட்டிக்கிச்சு. ஃபேன் நின்னுடுச்சு. பாவம்... தட்டித் தட்டிப் பாத்திருப்பாரு..."

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினாங்க.

"நீ என்ன சொல்ற?"

"நான்தான் மேடம்."

"என்ன நீதான்?"

"நான்தான் கொன்னுட்டேன் போல."

"கொலையில 'போல'ல்லாம் கிடையாதுப்பா! கொன்னியா, இல்லையா?"

"மேடம், ஒரு நிமிஷம்!" அஃபீஃபா அக்கா லேப்டாப்பைத் தொறந்துட்டாங்க. "டேய், இவ்வளவு மஞ்சள் ஓடியிருக்கே... நீ படிக்கவே இல்லையா?"

"மஞ்சள்தானேக்கா..."

"பேக்கேஜ் மேனேஜர் என்ன சொல்லியிருக்குன்னு பாரு!"

இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தாங்க. "அது யாரும்மா புது மேனேஜர்? அவரையும் கூட்டியாரச் சொல்லட்டுமா?"

"ஆளு இல்ல மேடம், புரோகிராம். மளிகை லிஸ்ட் குடுத்தா கடையில போய் சாமான் எடுத்துட்டு வந்து அடுக்குற மாதிரி. நாங்க லிஸ்ட் குடுப்போம்... தேவையான பேக்கேஜை அது எடுத்துட்டு வந்து சாஃப்ட்வேர்ல வைக்கும்."

"சரி. அது என்ன சொல்லுது?"

அக்கா இங்கிலீஷ்ல இருந்ததைத் தமிழ்ல படிச்சாங்க.

"'ஃபேன் பேக்கேஜோட புது வெர்ஷன் வந்து நாலு மணி நேரம்தான் ஆகுது. மூணு நாள் ஆகாததை எடுக்க மாட்டேன். பழைய வெர்ஷனே இருக்கட்டும்!'"

மேல சீலிங் ஃபேன் கிறீச் கிறீச்னு சுத்துச்சு.

"இதெல்லாம் எப்பலேந்துடா?" அக்கா என்னைப் பாத்தாங்க. "நம்ம மேனேஜர் இப்படி வெயிட் பண்ணாதே?"

"நேத்து சாயங்காலம் அதையே புது வெர்ஷனுக்கு மாத்தினேன்க்கா. புதுசா என்ன வந்திருக்குன்னு லிஸ்ட் போட்டிருந்தாங்க. திருட்டு பேக்கேஜ் எதாச்சும் வந்தா ரெண்டு மூணு நாள்ல வெளிய தெரிஞ்சிடுமாம். அதுவரைக்கும் தொடாதாம். எனக்குத்தான் எதுக்கெடுத்தாலும் பயமாச்சே... போட்டுட்டேன்."

"ஓனர்ட்ட சொன்னியா?" இன்ஸ்பெக்டர்.

"அவர் கேக்கலயே மேடம்."

ஜெய்சங்கர் சார் எழுந்துட்டாரு. மூஞ்சியில ரத்தமே இல்ல.

"அப்ப... புது வெர்ஷன் ஏறவே இல்லையா?"

"ஏறல சார்."

"ஆச்சுன்னு சொன்னியேடா!!"

"எப்பவும் சொல்றதுதானே சார்..."

"ஃபேன் நிக்கலையா? கதவு பூட்டலையா? அப்ப ராமர் எப்படிச் செத்தாரு?!"

"யாரு சொன்னா அவர் செத்தாருன்னு?" இன்ஸ்பெக்டர் சிரிச்சாங்க.

"நீங்கதானே மேடம்..." சார் இழுத்தாரு.

"நான் இந்தத் தம்பிக்குச் சொன்னேன். எனக்குச் சொன்னது நீங்க!"

உள் ரூம் பக்கம் திரும்பிக் குரல் குடுத்தாங்க.

"ராமர்! டீ குடிச்சாச்சுன்னா வாங்க!"

கதவு தொறந்துச்சு.

ராமர் அண்ணன்!

உயிரோட!!

மீசையில டீ நுரையைத் துடைச்சுக்கிட்டே வந்தாரு.

"என்னத்தைச் சொல்றது தம்பி! மூணாம் நம்பர் ரூம்ல தார் பாத்துக்கிட்டு நிக்கறேன். மேடம் ஸ்ட்ரெச்சரோட வந்து, 'பொணம் எங்க?'ன்னு என்கிட்டயே கேக்கறாங்க! நானும் கூடச் சேந்து தேடினேன்!"

தரையிலேயே உக்காந்துட்டேன்.

"எதுக்கு அண்ணே... உங்களை எதுக்கு...?"

"போன வருஷம் இன்னொரு குடோன்ல லோடுமேன் ஒருத்தர் செத்தாருல்ல? உங்க ஓனர் மாட்டின ஃபேன் நின்னு போய்தான் செத்தாரு. அதை நேர்ல பாத்தவன் நான். வர்ற திங்கக்கிழமை கோர்ட்டுல சாட்சி சொல்லப் போறேன்."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை," இன்ஸ்பெக்டர் சொன்னாங்க. "சாட்சி போயிடணும். பழி இந்தப் பையன் தலையில விழணும். அதுக்குத்தான் இவன் கையால ஏத்தச் சொல்லியிருக்காரு."

"பொய்! அந்த பேக்கேஜுக்குப் புது வெர்ஷன் எழுதிப் போடறது எப்பவும் அஃபீஃபாதான்!"

"எப்பவும் நான்தான் சார்." அக்கா லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாங்க. "அதையும் இந்தப் புது மேனேஜர் பாக்குது. அடுத்த மஞ்சள் வரியைப் படிக்கட்டுமா? 'வழக்கமா போடற ஆள் போடல. இந்தத் தடவை போட்டது ஜெய்சங்கர். காலை ஏழு மணி.'"

அந்த பேக்கேஜைத் தனியாப் பிரிச்சுக் காட்டினாங்க. உள்ள ஒரே ஒரு கார்டு நம்பர். அந்தக் கார்டு உள்ள போனா மட்டும் கதவைப் பூட்டு, ஃபேனை நிறுத்து.

ராமர் அண்ணன் பாக்கெட்லேந்து கார்டை எடுத்து நம்பரை ஒத்துப் பாத்தாரு. கார்டைத் திரும்ப பாக்கெட்ல வைக்க வரல அவருக்கு. ரெண்டு தடவை கீழ விழுந்துச்சு.

இன்ஸ்பெக்டர் எழுந்தாங்க.

"பதினாறு வருஷ சர்வீஸ் சார். கொலை பண்ணிட்டுச் சொல்லாதவனைப் பாத்திருக்கேன். நடக்காத கொலைக்கு முதல் ஆளா கம்ப்ளெயின்ட் குடுத்தது நீங்க ஒருத்தர்தான்! வாங்க, உள்ள போலாம்."

போறப்ப சார் என்னைத் திரும்பிப் பாத்தாரு. கோவம்கூட இல்ல அந்தப் பார்வையில.

"நீயும் கூட்டான்னு தெரியணும்ல தம்பி, அதான் செத்துட்டாருன்னேன்," மேடம் சொன்னாங்க. "மனசுல வச்சுக்காத."

தலையாட்டினேன்.

சந்தோஷமா இருக்கான்னு கேட்டா தெரியலக்கா. நான் யாரையும் கொல்லல. அது தெரியுது. ஆனா உடம்புக்கு இன்னும் சேதி போய்ச் சேரல. ராமர் அண்ணன் ஒரு பூவன் பழம் குடுத்தாரு. தின்னேன். ருசி தெரியல. அவரும் பக்கத்துல உக்காந்து ஒண்ணு தின்னாரு.

வாசல்ல டிவிக்காரங்க வந்துட்டாங்க. சாரை வெளிய கூட்டிட்டு வந்தப்ப அவர் கர்ச்சீப்பால மூஞ்சியை மூடிக்கிட்டாரு. மூடாம நின்னது நான் ஒருத்தன்தான்... என்னைத்தான் போட்டோ எடுத்துட்டுப் போனாங்க!

இதைப் படிக்கிறது நம்ம வீட்டுல யாரா இருந்தாலும் சரி... அப்பாவுக்கு உடனே ஒரு போன் போடுங்க. உள்ள போனது நான் இல்ல, எங்க ஓனருன்னு சொல்லிடுங்க.

'அப்ப அவன் வேலை?'ன்னு கேட்டாருன்னா மட்டும்... சிக்னல் இல்லன்னு கட் பண்ணிடுங்க!