சீட்டக்காவின் கையெழுத்து

குளியலறைக் கண்ணாடியின் சட்டத்தில் ஒரு சீட்டு செருகியிருந்தது. உள்ளங்கை அளவுள்ள தடித்த வெள்ளைச் சீட்டு. நீல மையில், குழந்தைக்கு எழுதிக்கொடுப்பதுபோல் பெரிய எழுத்துகள்: "இது பல் தேய்க்கும் பிரஷ். வலது கையில் பிடியுங்கள்."

செயலாளர் படித்தார். பிரஷ்ஷை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக்கொண்டார். மாற்றிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் எவ்வளவு நேரமாக அங்கே நின்றிருந்தார்? குழாய் திறந்தே கிடந்தது. தொட்டி நிரம்பி, விளிம்பில் வழிந்து, நிலைப்படியைத் தாண்டி, படுக்கையறைத் தரைவரைக்கும் தண்ணீர் சத்தமில்லாமல் போயிருந்தது. அதில் ஒரு நாற்றம். குழாய்த் தண்ணீரில் இருக்கக்கூடாத நாற்றம். ஆற்றுச் சேற்றில் நாள்கணக்கில் கிடந்த துணியை வெளியே இழுத்துப் போட்டால் எழுமே, அது.

"இதை யாரு இங்க வெச்சது?" என்று கத்தினார்.

மனைவி துடைப்பத்தோடு வந்தாள். "உங்க ஆபீஸ் சீட்டுதானே? ஏதாவது சட்டைப் பையிலேருந்து விழுந்திருக்கும். முதல்ல குழாயை மூடுங்க. வீடே ஆறா ஓடுது."

ஆபீஸ் சீட்டுதான். அதில் சந்தேகமில்லை. அப்படிப்பட்ட சீட்டுகளைக் கண்டுபிடித்தவரே அவர்தான்.

நாட்டின் தலைமை நாற்காலியில் இருந்த பெரியவருக்குப் புத்தி தடுமாற ஆரம்பித்து, பெற்ற மகளையே "இந்தம்மா யாரு?" என்று கேட்ட நாளிலிருந்து இரண்டு வருஷம், அது வெளியே ஈ காக்கைக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டவர்கள் இரண்டு அதிகாரிகள். ஒருவர் டாக்டர். மாதாமாதம் பூரண நலம் என்று சான்றிதழ் கொடுப்பார். இன்னொருவர் செயலாளர். அவர் சீட்டு கொடுப்பார். "எழுந்திருங்கள்." "மூன்று படி ஏறுங்கள்." "கையை அசையுங்கள்." "சிரியுங்கள்." பெரியவர் ஒவ்வொன்றாகப் பார்த்து அப்படியே செய்வார்; கூட்டம் கைதட்டும். காலை பத்திலிருந்து பதினொன்றுவரை மட்டும் அவருக்குக் கொஞ்சம் தெளிவு வரும். அதற்கு வெயில் நேரம் என்று செல்லப்பெயர் வேறு வைத்திருந்தார்கள். எந்தக் கோப்பாக இருந்தாலும் வெயில் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

அணைக் கோப்பும் காத்திருந்தது. பொறியாளர் அதைக் கொண்டுவந்தபோது மாலை நான்கு மணி. மழை விடவில்லை, ஏழு மணிக்கு மதகைத் திறந்தே ஆகவேண்டும், அதற்குள் ஆற்றோரக் குடியிருப்பைக் காலிசெய்யத் தலைவரின் உத்தரவு வேண்டும். பெரியவரோ உள்ளறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "தலைவரால் இயலவில்லை" என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் துணைத்தலைவர் கையெழுத்துப் போட்டிருப்பார். சட்டம் அதற்கு வழி வைத்திருந்தது. ஆனால் அந்த ஒரு வரியோடு இரண்டு வருஷத்துப் பொய்யும் சந்திக்கு வந்துவிடும். செயலாளர் கோப்பின்மேல் "நாளை காலை பத்து மணி" என்று எழுதி மூடினார். ஆறரைக்குப் பொறியாளர் போனில் கேட்டபோது, "உத்தரவு போயாச்சு, நீங்க திறங்க" என்றார். தண்ணீர் ஏறினால் ஜனங்கள் தாங்களாகவே எழுந்து போய்விட மாட்டார்களா என்று நினைத்தாராம். நினைப்புக்கு என்ன குறைச்சல். இருநூற்றுப் பதினேழு பேர் செத்தார்கள்.

அவர்களில் ஒருத்திதான் சீட்டுகளை எழுதிய குமாஸ்தா. அலுவலகத்தில் அவளுக்குச் சீட்டக்கா என்று பெயர். வாக்கியம் முடிந்ததும் பேனாவை ஊன்றி அழுத்தி, மிளகளவுக்கு ஒரு புள்ளி வைப்பாள். பெரியவர் அங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதற்காக. அன்று ஐந்தரை மணிக்குக் கைப்பையை மாட்டிக்கொண்டு செயலாளரின் மேசைமுன் வந்து நின்றாள். "அணையைத் திறக்கப் போறாங்கன்னு பேசிக்கறாங்களே சார். எங்க பக்கம் சொல்லிட்டாங்களா? வீட்டுல ரெண்டு குழந்தைங்க தனியா இருக்கு" என்று கேட்டாள். செயலாளர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "எல்லாம் சொல்லியாச்சும்மா. நீ நிம்மதியா போ."

அவள் போனாள்.

இப்போது செயலாளர் கண்ணாடிச் சட்டத்திலிருந்து உருவிய சீட்டில், "பிடியுங்கள்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில், மிளகளவுக்கு ஒரு புள்ளி. மை இன்னும் காயவில்லை.

அதைக் கிழித்தார். துண்டுகள் ஈரமாக விரலில் ஒட்டிக்கொண்டன. உதறினார், போகவில்லை. துவாலையில் தேய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

யாரோ விளையாடுகிறார்கள் என்று முடிவுகட்டினார். பெரியவர் செத்த பிறகு வெள்ளச் சாவுகளுக்காக அமைத்த விசாரணைக் கமிஷன் அவரை அழைத்திருந்தது. வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. செத்தவர்களின் சொந்தக்காரன் எவனோ பயமுறுத்திப் பார்க்கிறான். அவரையா? பொய் சொல்லும்போது கண்ணிமைகூட ஆடாது என்று பெயர் வாங்கியவரையா? அவரும் டாக்டரும் ஏற்கெனவே பேசி வைத்துக்கொண்டிருந்தார்கள். எதைக் கேட்டாலும் ஒரே பதில்: ஞாபகமில்லை. மறுத்தால் பொய்யென்று நிரூபிக்கலாம். மறந்துபோனதை எவன் நிரூபிப்பான்?

செவ்வாய்க்கிழமை செருப்புக்குள் ஒரு சீட்டு இருந்தது: "இது இடது கால்." சாப்பாட்டுத் தட்டின் அடியில் ஒன்று: "மென்று விழுங்குங்கள்." மாலையில் தெருமுனைவரை நடந்துவிட்டுத் திரும்பியவர், ஒரே மாதிரி வரிசையாக நின்ற இரும்புக் கதவுகளுக்கு முன்னால், அடுத்த வீட்டு நாய் குரைத்துக் குரைத்து ஓய்ந்துபோகும்வரை, பையில் சாவியைத் துழாவுவதுபோல் பாசாங்கு செய்துகொண்டு நின்றார். எந்தக் கதவு? ஐந்தாவதின் கம்பியில் வெள்ளையாக ஏதோ ஆடியது. "இது உங்கள் வீடு."

அதைப் பார்த்ததும் அவருக்கு வந்தது பயமில்லை, நிம்மதி. உள்ளே போய்க் கதவைத் தாழிட்ட பிறகுதான் அந்த நிம்மதியை நினைத்துக் குலை நடுங்கியது.

புதன்கிழமை மத்தியானம் டாக்டர் வீட்டுக்குப் போனார். டாக்டர் போன வாரமே கமிஷன்முன் நின்றுவிட்டு வந்திருந்தார். அறுபத்தோரு கேள்வி, அறுபத்தோரு தடவை ஞாபகமில்லை. என்ன நடிப்பு என்று பத்திரிகைகள் வயிறெரிந்து எழுதின. செயலாளர் அதைப் படித்துச் சிரித்திருந்தார்.

டாக்டரின் மனைவி கதவைப் பாதிதான் திறந்தாள். "டாக்டர் நல்லா இருக்காரு. கொஞ்சம் அசதி. ரெண்டு நாள்ல எழுந்துடுவாரு."

அந்த மூன்று வாக்கியங்களும் செயலாளர் எழுதியவை. பெரியவரைப் பற்றி யார் கேட்டாலும் அதைத்தான் சொல்ல வேண்டும் என்று எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார்.

அவளை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். வெயில் நன்றாக அடிக்கிற அறை. ஆனாலும் ஈரம், சுவரில் இடுப்பளவுக்கு ஒரு பழுப்புக் கோடு, வெள்ளம் வடிந்த வீடுகளில் இருக்குமே, அதுமாதிரி. டாக்டர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு கட்டுச் சீட்டுகள். கட்டைவிரல் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தது. சர்ரக். சர்ரக்.

"யோவ் டாக்டர். நான்தான்யா. இது நடிப்புதானே? என்கிட்ட எதுக்கு?"

டாக்டர் திரும்பினார். கண்ணில் ஆளில்லை.

"பத்து மணி ஆச்சா?" என்றார்.

"ஒண்ணும் பயமில்ல" என்று டாக்டரின் மனைவி வாசலிலிருந்து கெஞ்சினாள். "தயவுசெஞ்சு வெளிய சொல்லிடாதீங்க."

வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தாரென்று அவருக்கே தெரியாது. வியாழக்கிழமை முழுக்க ஒரு நோட்டுப் புத்தகத்தில் தன் பெயர், மனைவி பெயர், வீட்டு எண் எல்லாவற்றையும் எழுதினார். மத்தியானம் பிரித்தபோது எழுத்துகள் நீலமாகக் கரைந்திருந்தன. அப்போது ஒரு எண்ணம் வந்தது: உண்மையைச் சொல்லிவிட்டால்? கமிஷன்முன் எல்லாவற்றையும் கக்கிவிட்டால் இது விட்டுவிடுமோ? வாய்வரைக்கும் வந்தது. சிறை என்றால் பத்து வருஷமாவது போடுவார்கள், மானம் போகும், மனைவி முகத்தில் எப்படி விழிப்பது? வேண்டாம். ஒரே ஒரு நாள். ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டு இறங்கினால் முடிந்தது. அந்தக் கடைசி வாய்ப்பையும் அந்த ஆள் இப்படித்தான் தொலைத்தார்.

வெள்ளிக்கிழமை. பத்து மணி. கமிஷன் கூடத்தில் மின்விசிறிகள் முனகிக்கொண்டிருந்தன. பின்வரிசைகளில் ஆற்றோரத்து ஜனங்கள் மடியில் செத்தவர்களின் படங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். செயலாளர் நடந்து வந்து, சாட்சி மேடையின் மூன்று படி ஏறி உட்காரும்வரை அத்தனை முகங்களும் அவரோடு திரும்பின.

நீதிபதி அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "உங்க பேரைச் சொல்லுங்க."

செயலாளர் வாயைத் திறந்தார்.

பெயர்.

அது இருந்த இடம் காலியாக இருந்தது.

"கேட்குதா? உங்க பேரு."

சட்டைப் பை கனத்தது. கையை விட்டார். ஈரம். ஒரு கட்டு. மேல் சீட்டில் ஒரு பெயர் இருந்தது. வாசித்தார். யாரோ ஒருத்தருடைய பெயர்போல் இருந்தது. நீதிபதி தலையசைத்து எழுதிக்கொண்டார்.

"சம்பவம் நடந்த அன்னிக்குத் தலைவர் எந்த நிலையில இருந்தார்?"

ஞாபகமில்லை. அதைத்தான் சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லை எத்தனை தடவை கண்ணாடிமுன் சொல்லிப் பார்த்திருந்தார்! தேடினார். அதுவும் இல்லை. வாயில் ஒரு சொல்லும் இல்லை. கையில் இருந்த சீட்டுகளில் மட்டும்தான் சொற்கள் இருந்தன.

அடுத்த சீட்டு.

"தலைவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இரண்டு வருஷமாக அப்படித்தான். எனக்கும் டாக்டருக்கும் தெரியும்."

அது யார் குரல்? அவருடையது. நிறுத்தப் பார்த்தார். புள்ளியில் நின்றது. கட்டைவிரல் சீட்டைத் தள்ளியது. சர்ரக்.

"நாலு மணிக்குக் கோப்பு வந்தது. நான் மூடி வைத்தேன்."

சர்ரக்.

"ஆறரைக்குப் பொய் சொன்னேன்."

சர்ரக்.

"சொல்லியிருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள்."

பின்வரிசையில் ஒரு கிழவர், நாலு பேர் இருந்த படமொன்றை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து நின்றார். அவருக்குப் பக்கத்தில் இன்னொருத்தி. பிறகு வரிசையே. ஒருவரும் அழவில்லை, ஒருவரும் கூச்சல் போடவில்லை. வாசிக்க வாசிக்க நின்று கேட்டார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது இதுதான், கடைசிச் சொல்வரை.

கடைசிச் சீட்டுக்கு வந்தார். "எழுந்திருங்கள். மூன்று படி இறங்குங்கள். வலப்பக்கக் கதவு."

எழுந்தார். ஒன்று. இரண்டு. மூன்று. வலப்பக்கம் ஒரு கதவு இருந்தது. வரும்போது அங்கே சுவர்தான் இருந்ததென்று ஒரு நினைவு வரப் பார்த்தது; வரவில்லை. திறந்தார்.

அந்த நாற்றம்.

நீளமான, தாழ்ந்த அறை. சுவரில் பழுப்புக் கோடு. தரையில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். சுவரைப் பார்த்து மூன்று நாற்காலிகள். முதலாவதில் பெரியவர், அவர் செத்து எட்டு மாதம் ஆகிறது. இரண்டாவதில் டாக்டர். மூன்றாவது காலி. அதன்மேல் ஒரு சீட்டு. "இது உங்கள் இடம்."

சீட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

முழங்காலில் சில்லென்று பட்டது. எங்கோ தூரத்தில், பெரிய இரும்பு ஒன்று மெல்ல மெல்ல உயரும் சத்தம். மதகு. அது மட்டும் அவருக்குத் தெரிந்தது. வேறு எதுவும் தெரியவில்லை. தன் கை எது, தன் வாய் எது, ஒன்றும். அந்தச் சத்தம் என்னவென்பது மட்டும் தெளிவாக, வெயில்போல் தெளிவாகத் தெரிந்தது.

பின்னால் யாரோ நிற்கிறார்கள். கைப்பையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அவளுடைய இரண்டு பக்கமும் இரண்டு சின்னத் தலைகள்.

"அம்மா," என்றார். "தண்ணி வருதும்மா. எல்லாருக்கும் சொல்லிட்டாங்களா?"

அவள் குனிந்தாள். ஈர முடி அவர் கன்னத்தில் ஒட்டியது.

"எல்லாம் சொல்லியாச்சு சார். நீங்க நிம்மதியா உக்காருங்க."

தண்ணீர் மடிக்கு வந்தது. மடியிலிருந்த சீட்டு மிதந்து எழுந்து, நெஞ்சுக்கு நேராக, கழுத்துக்கு நேராக, கண்ணுக்கு நேராக நின்றது. எழுத்துகள் எல்லாம் கரைந்துபோயிருந்தன. புள்ளி மட்டும் கரையவில்லை.