பேஸ்மெண்ட் துணைவேந்தரும் ஒரேயொரு மாணவனும்

"ஐயோ..!"

மோர்னிங்சைட்டில் அந்த வீட்டு பேஸ்மெண்டிலிருந்து அலறல் கிளம்பியதும் பக்கத்து வீட்டு யன்னல்கள் திறந்தன. ஒன்று மட்டும் முன்னமே திறந்துதான் இருந்தது!

அலறியவர் பொன்னம்பலம். பேஸ்மெண்டில் இயங்கும் தனியார் பல்கலைக்கழகத்தின் நிறுவனர். துணைவேந்தர். கூட்டித் துடைப்பவரும் அவரே.

"என்னப்பா, எலியோ?" மனைவி ஜெயமலர் அகப்பையோடு இறங்கினாள்.

"என்ரை மாணவனைக் காணேல்லை!"

"ஆர், அருள்நாயகம் அண்ணையோ? அறுவது வயசு மனுசன். பசிச்சா வருவார்."

பல்கலைக்கழகத்துக்கு இருந்ததே அந்த ஒரு மாணவன்தான்!

கடை விற்ற காசு முழுவதையும் 'பல்கலைக்கழக நிதி' என்று வங்கியில் போட்டிருந்தார் பொன்னம்பலம். 1991இல் வங்கிகள் அள்ளிக் கொடுத்த வட்டி... கேட்கவா வேண்டும்? குட்டி போட்டது! கல்வி நிதி என்பதால் வரியும் இல்லை.

ஆனால் இன்று வரி ஒபீசர் அல்பேட், அவரும் நம்மூர்த் தமிழர்தான், நேரில் பார்க்க வருகிறார். மாணவன் இல்லையென்றால் அத்தனை வட்டிக்கும் வரி. வீடே போய்விடும்!

ட்ர்ர்ரிங்..!

"உங்கட மாணவன் என்ரை கையிலை..." கரகரத்த குரல். "தேடாதேங்கோ!"

"மகேஸ்வரன், மூக்கைப் பொத்திக் கதைச்சா எனக்குத் தெரியாதோ?"

டொக்!

மகேஸ்வரன்... டோர்செட் பார்க்கில் தன் அப்பார்ட்மெண்ட் ஹோலில் இன்னொரு பல்கலைக்கழகம் நடத்துபவர். அங்கே மாணவனே கிடையாது. அங்கேயும் அல்பேட் இன்றுதான் வருகிறார்!

பொன்னம்பலத்தின் வான் வண்டி டோர்செட் பார்க்குக்குப் பறந்தது. ஜெயமலரும் ஏறிக்கொண்டாள். இப்படியொரு வேடிக்கையை விடுவாளா?

கதவைத் தள்ளினால்...

சோபாவில் அருள்நாயகம். கையில் மட்டன் ரோல்ஸ். எதிரே... அல்பேட்!

"இவர் என்ரை மாணவன்!" பொன்னம்பலம் ஒரு கையைப் பிடித்து இழுத்தார்.

"பொய்! என்ரை!" மகேஸ்வரன் மறு கையை.

"ரோல்ஸ் விழப்போகுது, விடுங்கோடா!"

அல்பேட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அண்ணை, இவையளிட்டை என்ன படிக்கிறியள்?"

"நானோ? இவங்களிட்டையோ?" அருள்நாயகம் சிரித்தார். "மாணவனா வந்து இருங்கோ எண்டாங்கள், ரோல்ஸ் தந்தாங்கள், இருந்தன். பல்கலைக்கழகம் எண்டு பதிஞ்சா வட்டிக்கு வரியில்லை எண்டு ரெண்டு பேருக்கும் கிழமைக் கிழமை படிப்பிச்சதே நான்தான் தம்பி!"

"அண்ணை..!" இரண்டு துணைவேந்தர்களும் ஒரே குரலில்.

"அப்ப வாத்தியார் நீங்கள்... மாணவர் இவை ரெண்டு பேரும்..." என்று இழுத்தார் அல்பேட்.

"ஓம். பிக்கரிங்கிலை என்ரை பேரிலையும் ஒரு பல்கலைக்கழகம் பதிஞ்சு கிடக்கு."

அல்பேட் எழுந்து கை குலுக்கினார்.

"இண்டைக்கு நான் பாத்ததிலை, படிப்பு நடக்கிற பல்கலைக்கழகம் உங்கடது மட்டும்தான்! உங்களுக்கு வரியில்லை." திரும்பினார். "உங்கள் ரெண்டு பேருக்கும்... முழு வரி!"

பொன்னம்பலம் தொப்பென்று தரையில் உட்கார்ந்தார்.

ஜெயமலர் மட்டும் அசரவில்லை.

"அல்பேட் தம்பி... இவர் இப்ப மாணவன்தானே? ரியூஷன் ஃபீஸ் எண்டு வரியிலை ஏதும் கழிச்சு விடுவியளோ?"