மூன்று மாடக் கூட்டமைப்பு

செவ்வாய்க் கிரகத்தில் காலை எழுந்ததும் யாரும் வாசலில் பால் பாக்கெட் தேடுவதில்லை. அன்றைய காற்று வந்துவிட்டதா என்றுதான் பார்ப்பார்கள். கோமளவல்லியும் தன் பங்குச் சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டுதான் தினமும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவாள். முதலாம் குவிமாடத்தின் அவசரப் பிரிவு டாக்டர் அவள்.

அங்கே காற்றை அடைத்து ஆட்கள் வாழும் குவிமாடங்கள் மொத்தம் மூன்று, மாடத்துக்கு ஓர் ஆஸ்பத்திரி. ஒன்றில் விரிசல் விட்டால் மற்ற இரண்டும் மாடங்களை இணைக்கும் சுரங்கப்பாதையின் கதவைத் திறந்து அடிபட்டவர்களை ஏற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு கூட்டமைப்பு வேண்டுமென்று கோமளவல்லி நாயாய் அலைந்தாள். ஆஸ்பத்திரித் தலைவர்கள் கூடினார்கள், போண்டா தின்றார்கள், கூட்டமைப்புக்கு யார் தலைவர் என்று அடித்துக்கொண்டார்கள், கலைந்தார்கள். எத்தனை படுக்கை இருக்கிறது, எவ்வளவு ரத்தம் இருக்கிறது என்று ஒரு மகராசனும் கேட்கவில்லை.

கடைசியில் பொறுப்பை ‘முடிவி’களின் தலையில் கட்டினார்கள். முடிவி என்றால் முடிவெடுக்கும் ரோபோ, ஆஸ்பத்திரிக்கு ஒன்று. மூன்றுக்கும் இடம் முதலாம் மாடத்துச் சுரங்கக் கதவருகே; மூன்றும் சம்மதித்தால்தான் கதவு திறக்கும்.

“அப்பாடா! இதுங்களுக்குப் பதவி ஆசையாவது கிடையாது” என்றாள் கோமளவல்லி.

அடுத்த புழுதிப் புயலில் இரண்டாம் மாடம் பிளந்தது. அங்கே வெல்டராக இருந்த அவள் தம்பி இன்பநாதன் நெஞ்சில் அடிபட்டு, சுரங்கக் கதவுக்கு அந்தப் பக்கம் கிடந்தான். கதவின் கண்ணாடி வழியே அவன் உதடு நீலம் பாரிப்பது தெரிந்தது.

“கதவைத் திறங்கடா!”

கதவின் முன் மூன்று முடிவிகளும் வரிசையாக நின்றன. பிளந்த மாடத்தின் முடிவிகூட அசையவில்லை. முதலாவது தொண்டையைக் கனைத்தது. “வரவேற்புரை இன்னும் முடியவில்லை, டாக்டர்.”

“அடப்பாவி! அவனுக்கு மூச்சு நின்னுக்கிட்டிருக்குடா!”

“அடுத்தது பொன்னாடை. அதன் பிறகுதான் தீர்மானம். உங்கள் கூட்டங்களின் பதிவுகளை முழுவதும் படித்தோம். அவசரகாலத் தயார்நிலை என்றால் இதுதான் என்று கற்றுக்கொண்டோம்.”

வந்த ஆத்திரத்துக்கு அதன் மண்டையை உடைத்திருப்பாள். உடைத்தால் ஒரு சம்மதம் குறைந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்ட்ரெச்சர்களில் இருந்த போர்வைகளை உருவினாள். மூன்றின் தோளிலும் போர்த்தினாள், கும்பிட்டாள், “தீர்மானம் நிறைவேறியது!” என்று படபடவென்று கைதட்டினாள். கதவு திறந்தது. பாய்ந்துபோய்த் தம்பியின் வாயில் காற்றுக் குழாயைச் செருகினாள். நல்லவேளை, பிழைத்துக்கொண்டான்.

மறுநாள் மூன்று தலைவர்களும் அவளைக் கூப்பிட்டனுப்பினார்கள். திரையில் நேற்றைய கேமராப் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. தங்கள் லட்சணத்தைக் கண்ணால் பார்த்தாவது வெட்கப்பட்டிருப்பார்கள் என்று நம்பித்தான் உள்ளே போனாள்.

மூன்றாம் மாடத்தின் தலைவர் திரையை நோக்கி விரலை நீட்டினார். முகம் சிவந்திருந்தது.

“எங்க முடிவிக்கு மட்டும் எதுக்கும்மா கடைசியில போர்த்துனீங்க?”