வீங்கிச் செத்த அட்டைகள்

தொட்டியில் கிடந்த கடலட்டைக் குஞ்சுகள் ஒன்று விடாமல் செத்திருப்பதை விடிந்ததும் முதலில் கண்டவள் அருள்நாயகி, ஓலைத்தொடுவாய்ப் பெண்கள் சங்கத்தின் தலைவி. விரல் அளவில் இருந்தவை இரண்டு மடங்கு பருத்து, தோல் வெடித்துக் கிடந்தன. அவள் போட்ட சத்தத்தில் கரை கூடிவிட்டது.

யார் செய்தது என்று யாரும் யோசிக்கவே இல்லை. அட்டைப் பண்ணைக்காகச் சங்கம் கடலில் நட்ட கம்புகள் தன் படகுப் பாதையை மறிக்கின்றன என்று மீனவன் நௌஷாட் முதல் நாள்தான் சண்டை போட்டிருந்தான். அவனுடைய படகைக் கிளறினார்கள். வலைக்கடியில் நெல்லுக்கு அடிக்கும் பூச்சிமருந்துப் போத்தல் ஒன்று அகப்பட்டது. முதல் அடியை அடித்தவளும் அருள்நாயகிதான். பொலிஸ் ஜீப் வந்தபோது நௌஷாட்டின் உதடு கிழிந்து, சட்டையெல்லாம் இரத்தமாக இருந்தது.

உப பரிசோதகர் டினோஜா அவனை ஜீப்பில் ஏற்றி, பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிளை நிறுத்தினாள். பிறகு தொட்டியடிக்குப் போய் நெடுநேரம் குனிந்து பார்த்தாள். செத்த அட்டைகளுக்கு மேலால் சின்ன நண்டொன்று சாவகாசமாக ஊர்ந்து போனது.

இரவு தொட்டிக்குக் காவல் நின்றவன் கிறிஸ்ரி, அருள்நாயகியின் தம்பி. வயல் வேலைக் காலத்தில் நானாட்டானுக்குக் கூலிக்குப் போகிறவன்.

“தண்ணி எப்ப மாத்தினனீங்கள்?”

“நேற்றுப் பின்னேரம், மிஸ்.”

“எங்கத்தைத் தண்ணி?”

“கடல் தண்ணிதான். மோட்டர் போட்டு இறைச்சனான்.”

டினோஜா கடற்பக்கம் நடந்தாள். மோட்டர்க் குழாயின் வாயில் மணல் இறுகிக் காய்ந்திருந்தது. திரும்பும்போது, தேத்தண்ணி வைக்கவும் தண்ணி இல்லை என்று ஒரு பெண் முணுமுணுத்தாள். நேற்று பவுசர் வண்டி வந்து நிரப்பிய குடிதண்ணீர்த் தாங்கி வெறுமையாகக் கிடந்தது.

ஜீப்பின் முன்பக்கக் கறுப்பு மூடி வெயிலில் கொதித்தது. அதில் கடல்நீரில் ஒரு சொட்டும், சற்றுத் தள்ளித் தொட்டி நீரில் ஒரு சொட்டும் விட்டாள். இரண்டும் காய்ந்தன. கடல்நீர் வெள்ளை உப்பு வளையம் விட்டது. மற்ற இடத்தில் மங்கலான ஒரு தடம் மட்டுமே.

“இதுகளை மருந்து கொல்லேல்ல. பூச்சிமருந்து விழுந்திருந்தா, பூச்சிக்குச் சொந்தமான அந்த நண்டுதான் முதல் செத்திருக்கும். கொன்றது நல்ல தண்ணி.”

குடிக்கிற தண்ணி எப்படிக் கொல்லும் என்று அருள்நாயகி கேட்டாள்.

“மீனுக்கு உப்புப் போட்டா உள்ள இருக்கிற தண்ணி வெளிய வந்துதானே கருவாடாகுது? இது அதுக்கு மறுபக்கம்.” டினோஜா நிதானமாகச் சொன்னாள். உடம்பின் ஒவ்வொரு கலத்தையும் மெல்லிய மென்சவ்வு ஒன்று மூடியிருக்கிறது. தண்ணீர் அதனூடாக எளிதில் போய்வரும். உப்புக்கு அப்படி வழி இல்லை. உப்புக் குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்குத் தண்ணீர் நகரும். பள்ளிக்கூடத்தில் பிரசாரணம் என்று படிப்பது இதைத்தான். கடலில் அட்டைக்கு உள்ளும் புறமும் உப்பு ஏறக்குறையச் சமம். நல்ல தண்ணீரில் உள்ளே மட்டும் உப்பு. தண்ணீர் ஓயாமல் உள்ளே போக, கலங்கள் வீங்கி வெடிக்கும். நண்டோ உடம்பின் உப்பைத் தானே காத்துக்கொள்ளும்.

அவள் கிறிஸ்ரியின் பக்கம் திரும்பினாள். “மோட்டர் ஓடேல்ல. தாங்கித் தண்ணியைத் தொட்டிக்கு விட்டது நீங்கள். வயலில இருந்து போத்தலைக் கொண்டு வந்ததும் நீங்கள்தான்.”

கிறிஸ்ரி மணலில் குந்திவிட்டான். வடிகாலை மூட மறந்து நித்திரையாகிவிட்டானாம். எழும்பிப் பார்த்தபோது தொட்டி வற்றியிருந்தது, மோட்டரும் இயங்கவில்லை. எல்லாம் தண்ணிதானே என்று தாங்கியைத் திறந்துவிட்டானாம். அவை வீங்கத் தொடங்கியதும் பயம் பிடித்துவிட்டது.

“தண்ணி விட்டது தெரியாத்தனம்,” என்றாள் டினோஜா. “போத்தலை நௌஷாட்டின்ர படகுக்க வச்சது தெரிஞ்சு செய்தது.”

தம்பியை ஏற்றுவதற்காக நௌஷாட்டை ஜீப்பிலிருந்து இறக்கினார்கள். அருள்நாயகி அவனுக்கு முன்னால் வந்து நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

“இண்டைக்கு ஒண்டும் கதைக்காதேங்கோ அக்கா,” என்றான் அவன். “என்னால கேக்க ஏலாது.”

உதட்டைச் சாரத்து நுனியால் ஒற்றிக்கொண்டு, கூட்டத்தைப் பார்க்காமல் கடலை நோக்கி நடந்தான். யாரும் வழிவிடச் சொல்லவில்லை. எல்லோரும் தாங்களாகவே விலகி நின்றார்கள்.