காய் போடுவதற்கு முன்னால்

அம்மா கடைசியாகத் திட்டியது செருப்புக்காக. "வாசல்ல குறுக்க போட்டு வச்சிருக்கே, யாரு தடுக்கி விழ?" என்று ரேணுகாவிடம் சொல்லிவிட்டுப் பருத்தி எடுக்கப் போனாள். மத்தியானம் காட்டில் நெஞ்சுவலி வந்தது. அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டாள்.

துக்க வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. உள்ளூர் பரளச்சியிலேயே இருந்த சொந்தக்காரர்கள் முறை வைத்துச் சோறு கொண்டுவந்தார்கள்.

மூன்றாம் நாள் வந்த தூக்குவாளியை ரேணுகா திறந்தாள். கத்தரிக்காய்ச் சாம்பார்.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஐந்து வயதுத் தம்பி ஜெகதீசனுக்குக் கத்தரிக்காய் ஆகாது. தின்றால் உதடு வீங்கும், மூச்சு இழுக்கும். எங்கே சாப்பிடப் போனாலும் அம்மாதான் அவன் இலைக்குக் காவல்.

அப்பாவின் தங்கை முத்துத்தாய் அத்தை, அதற்குள் அந்தக் குழம்பை ஊற்றித் தம்பிக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள்.

"அத்தை, தம்பிக்குக் கத்தரிக்கா ஆகாது."

"தெரியும்த்தா. காயப் பூராம் பொறுக்கிட்டேன். வெறுங்குழம்புல என்ன இருக்கு?"

"அதுலயும் கத்தரிக்காதான் இருக்கு. போன வருசமும் பொறுக்கிட்டுத்தான் குடுத்தீங்க. உதடு பணியாரமா வீங்கிருச்சு."

ஜெகதீசன் உதட்டைத் தடவிப் பார்த்தான். "இப்பவும் பணியாரமாக்கா?"

"இல்லடா. பேசாம இரு."

அன்று அவனுக்கு மோர்ச்சோறு. நாளைக்கு? வருகிறவர்கள் யாராவது பாவம் பார்த்து ஒரு வாய் ஊட்டிவிட்டால்? சோறு கொடுக்கிறவர்களிடமே போய், குழம்பை இப்படி வையுங்கள் என்று எப்படிக் கேட்பது? ரேணுகா வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தபடியே இருந்தாள்.

மறுநாள் கோட்டைச்சாமி மாமா வீட்டு முறை. காலையிலேயே ஓடினாள். மாமாவின் மனைவி ஈஸ்வரி அத்தை கத்தரிக்காயை நறுக்கி வைத்திருந்தாள். பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"என்னத்தா, பசிக்குதா?"

"இல்லத்தை. காயப் போடுறதுக்கு முந்தி தம்பிக்கு ஒரு கிண்ணம் பருப்பு எடுத்து வைங்க. அதுல வேற கரண்டி போடணும்."

சொன்னபிறகு தரையைப் பார்த்தாள்.

"இதுக்கா இப்படி மூச்சு இளைக்க ஓடியாந்த? பயலுக்கு என்ன பிடிக்கும்?"

"முருங்கைக்கா. ஆனா சக்கையத் துப்ப மாட்டான். முழுங்கிருவான்."

அத்தை சிரித்தபடி கத்தரிக்காயைத் தூரத் தள்ளி வைத்தாள். கையைக் கழுவிவிட்டு, பருப்பைத் தனியாக மொண்டாள். "நாளைக்கு ஐயாத்துரை மாமா வீடு. நான் சொல்லட்டா?"

"இல்லத்தை. நானே சொல்லிட்டு வாரேன்."

மத்தியானம் ஜெகதீசன் பருப்புச்சோறு தின்று முடிக்கும்வரை ரேணுகா அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீங்கவில்லை. எப்போதும்போல் கடைசி வாயைத் தட்டிலேயே வைத்துவிட்டு அவன் விளையாட ஓடினான்.